காலில் தெரிந்த மூளை நோய்: டெல்லி முதியவர் ஒருவரின் ஒன்பது ஆண்டுகள்

2021 அக்டோபரில் என்னிடம் அழைத்து வரப்பட்டபோது அவருக்கு 75 வயது. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1969-இல் எழுத்தராக டெல்லிக்கு வந்து, மத்திய அமைச்சகம் ஒன்றில் பிரிவு அலுவலராக இருந்து 2006-இல் ஓய்வு பெற்றார். ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் பிள்ளைகளை வளர்த்தார். இப்போது முனீர்காவில், மின்தூக்கி இல்லாத ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மனைவியுடன் வசிக்கிறார். மகன் குருகிராமில், மகள் கோயம்புத்தூரில். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கை மாற்றவில்லை.

குடும்பத்தார் சொன்ன புகார் ஒன்றுதான்: ஒரே மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். ஒருமுறை குளியலறை வாசலில், இன்னொரு முறை யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தபோது. நினைவைப் பற்றிக் கேட்டேன். "ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை டாக்டர். தன்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் பெயரையெல்லாம் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார்" என்றார் மனைவி. அது உண்மைதான். ஆனால் மூளையின் சிறு ரத்தக்குழாய் நோய் அதற்குள் நன்றாகவே முற்றியிருந்தது. ஞாபகம் நன்றாக இருந்ததாலேயே ஐந்து ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை.

முதியவரின் மூளை என்றதும் நாம் எல்லோரும், மருத்துவர்களும் சேர்த்துத்தான், மறதியைக் கேட்கிறோம். இந்த நோய் பெரும்பாலும் மறதியோடு தொடங்குவதில்லை. நடையில் தொடங்குகிறது, சிறுநீரை அடக்க முடியாமையில் தொடங்குகிறது, ஒரு காரியத்தைத் தானாக எடுத்துச் செய்யும் முனைப்பு குறைவதில் தொடங்குகிறது. இந்த ஆய்வை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

2016: முதல் பக்கவாதம்

பிப்ரவரி மாதத்து அதிகாலையில் எழுந்தபோது இடது கையும் காலும் சரிவர அசையவில்லை. வாய் சற்றுக் கோணியிருந்தது, பேச்சு குழறியது. ஆனால் தொடு உணர்வு, பார்வை, சொற்களைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகியவற்றுக்குப் பழுதில்லை. முகமும் கையும் காலும் ஏறக்குறைய ஒரே அளவில் தளர்ந்து, மற்றவை தப்பியிருந்தால் அடைப்பு மூளையின் மேற்பரப்பில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது என்று ஊகிக்கலாம். எம்.ஆர்.ஐ. அதையே காட்டியது: உடலை அசைக்கும் நரம்பிழைகள் நெருக்கமாக இறங்கும் 'இன்டர்னல் கேப்ஸ்யூல்' பகுதியில், வலப்பக்கம், 9 மில்லிமீட்டர் அளவில் புதிய அடைப்பு. கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்கள் திறந்தே இருந்தன. இதயத் துடிப்பு சீராக இருந்தது. அடைப்பால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று இந்த வகை.

ஆறு வாரத்தில் கைத்தடி இல்லாமல் நடந்தார். "சின்ன ஸ்ட்ரோக், பிழைத்துக்கொண்டார்" என்று வீடே நிம்மதி அடைந்தது.

அந்த எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசி வரி இப்போதும் கோப்பில் இருக்கிறது: 'வெண்பொருளில் வயதுக்கேற்ற மாற்றங்கள்.' மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் நிறைந்த பகுதிதான் வெண்பொருள். 'வயதுக்கேற்ற' என்ற சொல் நோயாளிகளுக்குச் செய்யும் தீங்கைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதைப் படித்தவர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. நரை விழுந்தால் யாரும் வைத்தியம் தேடுவதில்லை அல்லவா, அந்த வரிசையில் இதையும் சேர்த்துவிடுகிறார்கள். இவருக்கு அப்போதே இருபத்தைந்து ஆண்டு உயர் ரத்த அழுத்தம். மாத்திரையை நினைத்தால் போடுவது, இல்லையென்றால் விடுவது என்ற பழக்கம்.

இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள்

2018-இல் குளியல் நீண்டது. கால் மணி நேரத்தில் முடிவது முக்கால் மணி ஆயிற்று. காலைப் பேப்பரை விரித்து மடியில் வைத்திருப்பார், பக்கம் திரும்பாது. கோபமோ துக்கமோ இல்லை. மனைவி சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் அப்படியே உட்கார்ந்திருப்பார். மனச்சோர்வு என்று மகன் நினைத்தார். மனச்சோர்வில் உள்ளே வருத்தம் இருக்கும். இங்கே வருத்தமும் இல்லை, விருப்பமும் இல்லை.

2019 நவம்பரில் வங்கியில் ஆயுள் சான்றிதழ் கொடுக்கத் தவறினார். மத்திய அரசு ஓய்வூதியம் பெறுபவர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் கொடுக்க வேண்டியது அது. பன்னிரண்டு ஆண்டுகள் முதல் வாரத்திலேயே போய்க் கொடுத்தவர். மறந்துவிட்டாரா என்றால் இல்லை. "இன்றைக்குப் போக வேண்டும்" என்று தினமும் சொல்லியிருக்கிறார். ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தும் இருக்கிறார். அடுத்து சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்ற படிக்கு மனம் நகரவில்லை. ஓய்வூதியம் நின்ற பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. பொறுப்பில்லாமல் இருக்கிறார் என்று ஏச்சும் விழுந்தது. திட்டமிட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் திறன் குறைவதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை நான் எழுதித் தர முடியாது. ஓய்வூதியம் பெறும் முதியவர்களிடம் 'இந்த முறை ஆயுள் சான்றிதழ் வேலையை யார் பார்த்தது?' என்று இப்போது தவறாமல் கேட்கிறேன்.

நடையைப் பற்றிய தவறான புரிதல் இன்னும் மோசம். சமதளத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல் தேய்த்து நடந்தார். அறை வாசலில் நின்றுவிடுவார், பாதம் நகராது. ஆனால் வீட்டின் இரண்டு மாடிப் படிகளையும் ஏறிவிடுவார். அந்த ஆண்டு மலை மந்திர் சுவாமிநாதன் சன்னதிப் படிகளைக்கூட மகன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார். "மலைக்கோயில் ஏறுகிறவருக்குச் சமையலறைக்கு வர முடியாதா? வேண்டுமென்றே செய்கிறார்" என்று வீட்டில் பேச்சு. வேண்டுமென்று செய்யவில்லை. படி என்பது கண்ணுக்குத் தெரியும் இலக்கு. எங்கே காலை வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு படியும் சொல்லிக்கொடுக்கிறது. சமதளத்தில் அந்தக் கட்டளையை மூளையின் முன்பகுதியும் ஆழ்பகுதியும் சேர்ந்து உள்ளிருந்தே தயாரிக்க வேண்டும். அவற்றை இணைக்கும் நரம்பிழைகள்தான் இவருக்குப் பழுதடைந்திருந்தன. இதை விளக்கியபோது அந்த அம்மா அழுதுவிட்டார். இரண்டு ஆண்டுகள் அவரை வைது தீர்த்த பாரம் அது.

இடையில் வேறு இடங்களிலும் காட்டியிருக்கிறார்கள். மருத்துவர்கள் இந்தியில் கேட்பார்கள், இவர் "டீக் ஹை" (நன்றாக இருக்கிறேன்) என்பார், பேச்சு முடிந்துவிடும். பார்க்கின்சன் என்று கருதி லெவோடோபா மூன்று மாதம் கொடுக்கப்பட்டது, பலனில்லை. சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின் தொடங்கப்பட்டது. ரத்தம் கட்டாமல் தடுக்க 2016-இல் எழுதித் தந்த ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் ஐந்து ஆண்டுகளாக ஒன்றாகவே தொடர்ந்துகொண்டிருந்தன.

பரிசோதனை

உட்கார்ந்த நிலையில் ரத்த அழுத்தம் 164/88. எழுந்து நின்ற மூன்றாம் நிமிடத்தில் 148/84. விழுகிற முதியவரை நிற்கவைத்து அளக்காமல் அழுத்த மருந்தைக் கூட்டக்கூடாது. இங்கே சரிவு, கவலைப்பட வேண்டிய அளவான 20-ஐத் தொடவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி உட்கார 24 விநாடி ஆயிற்று. பாதங்களை அகற்றி வைத்துக் குறுகிய அடிகளாக நடந்தார். ஆனால் கைகள் இரண்டும் நன்றாக வீசின, முகத்தில் உணர்ச்சி தெரிந்தது, ஓய்வில் நடுக்கம் இல்லை. இடுப்புக்கு மேல் ஆரோக்கியமானவர், இடுப்புக்குக் கீழ் பார்க்கின்சன் நோயாளி என்று தோன்றும் இந்தத் தோற்றம் பார்த்துப் பழகினால் வாசலிலேயே தெரிந்துவிடும்.

அறிதிறனைத் தமிழிலேயே சோதித்தேன். நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சோதிக்கும் மோகா மதிப்பீட்டில் 30-க்கு 17. எங்கே மதிப்பெண் போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும். எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றி இணைப்பதில் சிக்கிக்கொண்டார். ஒரு நிமிடத்தில் சொல்லச் சொன்ன விலங்குகளில் ஏழு வந்தன. அவற்றுக்கு நடுவே நீண்ட மௌனங்கள். ஐந்து சொற்களைச் சற்றுநேரம் கழித்துக் கேட்டபோது இரண்டு மட்டுமே வந்தன. ஆனால் 'ஒரு பூவின் பெயர்', 'ஒரு நிறம்' என்று எடுத்துக்கொடுத்ததும் மீதி மூன்றும் வந்துவிட்டன. சொற்கள் உள்ளே பதிந்திருக்கின்றன, தேடி எடுப்பதுதான் சிரமம். அல்சைமர் நோயில் பதிவே விழாததால் எடுத்துக்கொடுத்தாலும் பெரும்பாலும் வருவதில்லை. இரண்டு நோய்களும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் முதுமையில் சகஜம் என்பதால், இந்த வேறுபாட்டை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது.

பி12 குறைவாக இருந்தது. தைராய்டு சரியாக இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.1 சதவீதம், அதாவது சர்க்கரை நோய் அளவு.

இரண்டு படங்களை அருகருகே வைத்தபோது

2021 நவம்பர் எம்.ஆர்.ஐ.யில் பழைய அடைப்பு இருந்த இடம் நீர் நிறைந்த சிறு குழியாகியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸில் இடப்பக்கம் ஒன்று, வலது வெண்பொருளில் ஒன்று என மேலும் இரண்டு குழிகள் இருந்தன. அவை எப்போது வந்தன என்று யாருக்கும் தெரியாது. வாய் கோணவில்லை, கை விழவில்லை. அந்த நாள்கள் சாதாரண நாள்களாகவே கழிந்திருக்கின்றன. 2016-இல் மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகளின் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடாகவும் அங்கங்கே புள்ளிகளாகவும் இருந்த அந்த 'வயதுக்கேற்ற' மாற்றங்கள் ஒன்றோடொன்று கலந்து பரந்த திட்டுகளாகியிருந்தன. இந்தத் திட்டுகளின் பரவலைக் கணிக்க 1987-இல் வகுக்கப்பட்ட ஃபசேகாஸ் அளவையில் முன்பு 1, இப்போது உச்சமான 3. நுண்கசிவுகளை, அதாவது மிகச் சிறிய ரத்தக் கசிவுகளைக் காட்டும் படவரிசை முதல்முறை எடுக்கப்படவில்லை. இப்போது ஆழ்பகுதியில் ஆறு தெரிந்தன. அவை மூளையின் ஓரங்களில் மட்டும் இருந்திருந்தால் ரத்தக்குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிவதைச் சந்தேகித்திருப்பேன். ஆழத்தில் இருப்பவை உயர் ரத்த அழுத்தத்தின் கைவரிசை. நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் இரண்டும் வயதுக்குத் தக்கபடி நன்றாகவே இருந்தன.

நடை, சிறுநீர், அறிதிறன் மூன்றும் ஒன்றாகக் குறைந்தால் மூளை அறைகளில் நீர் தேங்கும் நோயையும் எண்ண வேண்டும். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு என்பதால் தவறவிடக்கூடாது. இவருக்கு அறைகள் சற்று விரிந்திருந்தாலும் மேற்பரப்பு மடிப்புகளும் அதே அளவில் விரிந்திருந்தன. நரம்பியல் மருத்துவரும் படத்தைப் பார்த்து அதை விலக்கினார்.

குழாய்களுக்குள் நடப்பது

மூளையின் ஆழத்துக்குப் போகும் குழாய்கள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் உள்ளவை. பல, அடிப்பகுதியின் பெருங்குழாயிலிருந்து நேராகக் கிளம்புவதால் அதன் அழுத்தத்தை நேரடியாக வாங்குகின்றன. ஒன்று அடைத்தால் ஈடுகட்டப் பக்கத்துக் குழாய் கிடையாது. அவருக்கும் அவர் மனைவிக்கும் இதைக் கடைமடையை வைத்தே சொன்னேன். ஆற்றில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தான். மூளை அறைகளை ஒட்டிய வெண்பொருள் அந்த இடத்தில் இருக்கிறது. மன்னார்குடிக்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆண்டுக்கணக்கான உயர் அழுத்தத்தால் குழாய்ச் சுவர் தடித்து விறைக்கிறது, உட்புறம் குறுகுகிறது. தேவைக்கேற்ப விரியும் இயல்பை அது இழக்கிறது. உள்ளுறை செல்கள் பழுதடைந்து, ரத்தத்தில் இருக்க வேண்டியவை மூளைத் திசுவுக்குள் கசிகின்றன. நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறை கரைகிறது. குழாய் முற்றிலும் அடைத்தால் குழி, வெடித்தால் கசிவு, நாள்பட்ட குறைபாட்டால் வெள்ளைத் திட்டு. பெயர்கள் வேறாக இருந்தாலும் நோய் ஒன்று. பின்ஸ்வாங்கர் 1894-இலும் பியேர் மாரி 1901-இலும் பிரேதப் பரிசோதனையில் தனித்தனியாக விவரித்தவற்றை எம்.ஆர்.ஐ. வந்த பிறகுதான் உயிருள்ளவர்களிடம் ஒன்றாகப் பார்க்க முடிந்தது.

இது எவ்வளவு வேகமாக முன்னேறும் என்பதற்கு ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதே வலுவான அறிகுறி. சிதறிய புள்ளிகள் பல ஆண்டுகள் அப்படியே இருக்கலாம். கலந்து பரவத் தொடங்கிய திட்டுகள் விரைந்து வளர்கின்றன. ஐரோப்பாவில் 639 முதியவர்களைப் பின்தொடர்ந்த லாடிஸ் ஆய்வில், பிறர் உதவியின்றி வாழ்ந்தவர்கள் உதவி தேவைப்படும் நிலைக்கு வருவதோ இறப்பதோ, லேசான மாற்றம் உள்ளவர்களிடம் ஆண்டுக்கு 10.5 சதவீதம், கடுமையான மாற்றம் உள்ளவர்களிடம் 29.5 சதவீதம். ஆனாலும் இது நேர்கோட்டில் போகும் நோய் இல்லை. நெதர்லாந்தில் 2006 முதல் 503 பேரைத் தொடர்ந்த ஆய்வில் சிலருக்குத் திட்டுகள் சுருங்கியதும் தெரிந்தது. 'இனி இறங்குமுகம்தான்' என்று முதல் சந்திப்பிலேயே குடும்பத்திடம் சொல்வதை இதனால்தான் எதிர்க்கிறேன்.

செய்தவை

முதலில் நிறுத்தியவற்றைச் சொல்கிறேன். ஆக்ஸிபியூட்டினின், மூளையில் நரம்புச் செய்திகளைக் கடத்தும் அசிட்டைல்கோலினையும் தடுப்பதால் முதியவரின் சிந்தனையை மந்தமாக்கும். அதை நிறுத்தி, இரண்டு மணிக்கு ஒருமுறை நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போகப் பழக்கினோம். லெவோடோபாவின் மிச்சமும் போயிற்று. குளோபிடோக்ரெலை நிறுத்தி ஆஸ்பிரினை மட்டும் வைத்தோம். இவ்வகைப் பக்கவாதம் வந்த 3,020 பேரிடம் நடந்த எஸ்.பி.எஸ்.3 ஆய்வு, இரண்டையும் நீண்டகாலம் சேர்த்துக் கொடுத்தால் அடுத்த பக்கவாதம் குறைவதில்லை, ரத்தப்போக்கும் மரணமும் கூடுகின்றன என்று 2012-இலேயே காட்டிவிட்டது. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில வாரங்களுக்கு மட்டுமே இரண்டுக்கும் இடமுண்டு.

அடுத்தது ரத்த அழுத்தம். மருத்துவமனையில் கோடைப் பகலில் எடுத்த மேல் அளவுகள் 134, 138 என்று கோப்பில் அழகாக இருந்தன. வீட்டுக் கருவியில் நவம்பர், டிசம்பர் காலை அளவுகள் 158-க்குக் கீழே இறங்கவில்லை. குளிரில் தோல் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். வீட்டைச் சூடாக்கும் வசதி இல்லாத டெல்லியின் ஜனவரியில் அந்த ஏற்றம் சிறியதல்ல. ஒரே மாத்திரை அளவை ஆண்டு முழுவதும் வைத்தால் கோடையில் தலைசுற்றும், குளிரில் போதாது. அம்லோடிபினுடன் டெல்மிசார்டன் சேர்த்து, நான்கு மாதம் எடுத்துக்கொண்டு 130-க்கு அருகில் இறக்கினோம். அவசரப்படவில்லை. நாள்பட்ட உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளை திடீர் இறக்கத்தைத் தாங்காது.

130-க்குக் கீழ் என்ற இலக்கு எஸ்.பி.எஸ்.3 ஆய்வில் மூளை ரத்தப்போக்கை 60 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது. ஸ்பிரின்ட் ஆய்வில் 120-க்குக் கீழ் இலக்கு வைத்தவர்களுக்கு வெள்ளைத் திட்டு ஏறத்தாழ நான்கு ஆண்டில் 0.92 கன சென்டிமீட்டர் வளர்ந்தது. 140 வைத்தவர்களுக்கு 1.45. அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளும் பக்கவாதம் வந்தவர்களும் இல்லை. ஆகவே 120-ஐ இவருக்குப் பொருத்த எனக்கு மனமில்லை.

உப்பில் அந்த அம்மாவுடன் நீண்ட பேச்சு நடந்தது. சமையலில் குறைவாகத்தான் போடுகிறார். அப்பளம், மோர்மிளகாய், மாவடு, ஊரிலிருந்து வரும் வற்றல் இவை கணக்கில் வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு. மாவடுவை விட முடியாது என்றார் பெரியவர். ஞாயிறு மட்டும் என்று முடிவாயிற்று. தானாக அவர் ஒன்றைக் கேட்டு வாதாடியதைக் கண்டு எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் படியின் பாடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார். குளியலறை வாசலில் குறுக்காக மஞ்சள் நாடாக்களை ஓர் அடி இடைவெளியில் ஒட்டினார். கோட்டைத் தாண்டிக் காலை வை என்றதும் ஒட்டியிருந்த பாதம் எழுந்தது. கூடத்தில் நடக்கும்போது மனைவி தொடையில் தட்டி எண்ணுவார், அடிகள் நீண்டன. நவம்பரில் காற்று கெடும் நாள்களில் பூங்கா வேண்டாம், கூடமே போதும் என்றேன். மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய 14 காரணிகளில் காற்று மாசையும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்டிருக்கிறது.

2025 நிலவரம்

எழுந்து நடந்து திரும்பி உட்கார எடுத்த 24 விநாடி ஆறு மாதத்தில் 17 ஆயிற்று. மோகா 19-க்கு ஏறியது. அது மந்தமாக்கிய மருந்து நின்றதாலும் பி12 ஊசியாலும் வந்தது, நோய் பின்வாங்கியதால் அல்ல. அடுத்த ஓராண்டில் ஒரே ஒருமுறை விழுந்தார். 2024-இல் மீண்டும் 20 விநாடி, மோகா 17. 2025 ஜனவரி எம்.ஆர்.ஐ.யில் புதிய குழி எதுவும் இல்லை. நுண்கசிவு ஆறிலிருந்து ஏழாகியிருந்தது, திட்டுகள் சிறிது கூடியிருந்தன. முதல் ஐந்து ஆண்டுகளில் கண்ட பாய்ச்சல் அடுத்த மூன்றில் இல்லை. அழுத்தம் கட்டுப்பட்டதால் என்று நம்புகிறேன். ஒருவரை மட்டும் வைத்து நிறுவ முடியாது.

வெளியே போக நடைச்சட்டம் தேவைப்படுகிறது. பணம், மருந்து, வங்கி எல்லாம் மனைவி பொறுப்பு. அன்றாடக் காரியங்களுக்கு இவ்வளவு உதவி தேவைப்பட்டால் அதற்கு ரத்தக்குழாய் சார்ந்த டிமென்ஷியா என்றுதான் பெயர். அந்தச் சொல்லை நான் மறைக்கவில்லை. பெயர் தெரிந்த பிறகு வீட்டில் ஏச்சு நின்றுவிட்டது என்று மகள் தொலைபேசியில் சொன்னார்.

சென்ற முறை வந்தபோது மகன் தனியே கேட்டார்: "டாக்டர், இது எனக்கும் வருமா?" நாட்ச்3 மரபணுப் பிழையால் குடும்பத்தில் இறங்கும் காடசில் என்ற வகை உண்டு. அது பெரும்பாலும் நடுவயதிலேயே பக்கவாதத்தையும் சிலருக்கு ஒற்றைத் தலைவலியையும் தரும். இந்தக் குடும்பத்தில் அப்படி எவரும் இல்லை. தந்தைக்கு எழுபதை ஒட்டி, இருபத்தைந்து ஆண்டு கட்டுப்படாத அழுத்தத்தின் முடிவில் வந்தது. மரபணுச் சோதனை தேவையில்லை என்றேன். பிறகு அவர் கையில் பட்டையைச் சுற்றினேன். 48 வயது, 152/96. அளந்தே பல ஆண்டுகள் ஆயிற்றாம். ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் எடுத்து வரச் சொன்னேன். சராசரி 146/92. மருந்து தொடங்கியாயிற்று.